டெஸ்ட் கார்டில் ஒரே கோடு. உடம்பில் மசக்கை அறிகுறி: என்ன செய்வது?



நாள் தள்ளிப்போயிருக்கிறது. குமட்டல், களைப்பு, மார்பில் வலி எல்லாம் இருக்கின்றன. மெடிக்கலில் கார்டு வாங்கிப் பார்த்தால் ஒரே கோடு. "ஒன்றுமில்லை" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள். சாணார்பட்டி, கோபால்பட்டி, நத்தம் பகுதிச் சகோதரிகள் ஆலிம்களிடம் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று. தொழுகையை விடலாமா, நோன்பு வைக்கலாமா, மாத்திரை போடலாமா என்பவை இதை ஒட்டியே எழுகின்றன. ஒரே கோடு என்பது அன்றைய நாளுக்கான பதில் மட்டுமே, இறுதித் தீர்ப்பு அல்ல என்பதை முதலில் மனதில் கொள்ள வேண்டும்.

கார்டு ஏன் "இல்லை" என்று காட்டுகிறது?

கரு கருப்பையில் ஒட்டிய பிறகுதான் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் சுரக்கத் தொடங்கும். இதற்குக் கரு உண்டாகி ஏறத்தாழ 6 முதல் 10 நாட்கள் ஆகும். பிறகு இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை அதன் அளவு இரட்டிப்பாகும். அவசரப்பட்டுச் சோதித்தால் கார்டுக்கு எட்டும் அளவு சிறுநீரில் இருக்காது. நிறையத் தண்ணீர் குடித்தபின் பார்ப்பதும், காலாவதியான கார்டும் பதிலை மாற்றிவிடும்.

நாள் தள்ளிய பிறகு, காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீரில் பாருங்கள். உறையில் சொன்ன நேரத்துக்குள் பதிலைப் படியுங்கள். நெடுநேரம் கழித்துத் தெரியும் மங்கலான கோட்டை நம்ப வேண்டாம். ஒரே கோடு வந்தால் ஒரு வாரம் கழித்து மீண்டும் பாருங்கள். அப்போதும் மாதவிடாய் வராவிட்டால் மருத்துவரிடம் செல்லுங்கள். இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் தெளிவைத் தரும்.

கர்ப்பமில்லாமலும் இந்த அறிகுறிகள் வரலாம். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும் மார்பு வலியும் களைப்பும் உண்டு. தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி, மனக்கவலை, திடீர் எடை மாற்றம் ஆகியவற்றாலும் நாள் தள்ளும். பாலூட்டும் தாய்மார்கள், மாதவிடாய் திரும்புவதற்கு முன்பே கருவுறலாம் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

அடிவயிற்றில், குறிப்பாக ஒரு பக்கத்தில் கடும் வலி, இரத்தப்போக்கு, மயக்கம், தோள்பட்டை நுனியில் வலி ஆகியவை இருந்தால் கரு கருப்பைக்கு வெளியே, குழாயில் தங்கியிருக்கலாம். குழாய் வெடித்தால் தாயின் உயிருக்கே ஆபத்து. "கார்டில் ஒரு கோடுதானே" என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

சந்தேகம் தீரும்வரை, மாதவிடாயை வரவைக்கும் மாத்திரையைத் தாமாக வாங்கிப் போடக் கூடாது. எக்ஸ்ரே எடுக்கும் முன் நாள் தள்ளியிருப்பதைச் சொல்லிவிடுங்கள். வழக்கமாகச் சாப்பிடும் தைராய்டு, வலிப்பு மாத்திரைகளைத் தாமாக நிறுத்தவும் வேண்டாம். குழந்தையை எதிர்பார்ப்பவர்கள் மருத்துவரைக் கேட்டு ஃபோலிக் அமில மாத்திரையை முன்கூட்டியே தொடங்குவது நல்லது. சிசுவின் மூளை, தண்டுவடத்தின் அடித்தளம் முதல் சில வாரங்களிலேயே உருவாகிவிடுகிறது.

மார்க்கச் சட்டங்கள்

தொழுகை: ஹனஃபி மத்ஹபில் ஹைளின் குறைந்த அளவு மூன்று நாட்கள். ஷாஃபிஈ மத்ஹபில் ஒரு பகலும் ஓர் இரவும். அதற்குக் குறைவாக வந்து நின்றுவிடும் இலேசான இரத்தக் கசிவு ஹைள் அல்ல, இஸ்திஹாளா. அதற்காகத் தொழுகையை விட்டிருந்தால் களாச் செய்ய வேண்டும். கர்ப்பம் உறுதியான பின் வரும் இரத்தம் ஹனஃபி மத்ஹபில் ஹைள் ஆகாது. ஷாஃபிஈ மத்ஹபில் நிபந்தனைகள் பொருந்தினால் ஹைளாகும். எனவே தம் மத்ஹபைச் சொல்லி ஆலிமிடம் கேளுங்கள்.

நோன்பு: நோன்பின் சலுகை கார்டின் கோட்டைப் பொறுத்ததல்ல. கடும் வாந்தி, மயக்கம் இருந்தால் அந்த நோயே சலுகைக்குக் காரணம். பிறகு களாச் செய்துகொள்ளலாம். உடல்நலம் நன்றாக இருந்தால், சந்தேகத்தை மட்டும் வைத்து நோன்பை விடக் கூடாது.

இத்தா: "கார்டில் இல்லை என்று வந்துவிட்டதே, இத்தா எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். இத்தா கருவறையைச் சோதிப்பதற்கு மட்டுமானதல்ல, அல்லாஹ் வகுத்த தவணை. கர்ப்பிணியின் இத்தா பிரசவம் வரை என்கிறது ஸூரத்துத் தலாக்கின் 4-ஆம் வசனம். தலாக் ஆன பெண்கள் தங்கள் கருவறையில் உள்ளதை மறைக்கக் கூடாது என்கிறது ஸூரத்துல் பகராவின் 228-ஆம் வசனம். ஆகவே இத்தாவில் இருக்கும் சகோதரிக்கு அறிகுறி தென்பட்டால் தயங்காமல் மருத்துவரிடம் காட்டுவது அவசியம். பிள்ளையின் வமிசமும் வாரிசுரிமையும் இதில் அடங்கியுள்ளன.

குடும்பத்தாருக்கு

மாதந்தோறும் "விசேஷம் உண்டா?" என்று மருமகளைத் துளைத்தெடுக்காதீர்கள். பிள்ளையைக் கொடுப்பதும் கொடுக்காதிருப்பதும் அல்லாஹ்வின் நாட்டம். கணவர் மனைவியைத் தனியே அனுப்பாமல் உடன் செல்வது நல்ல உறவின் அடையாளம். கிராம சுகாதார செவிலியரிடம் இலவசமாகவே சோதித்துக்கொள்ளலாம். கர்ப்பம் உறுதியானால் 12 வாரத்துக்குள் அவரிடமே பதிவு செய்யுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கும் இந்தப் பதிவு உதவும்.

மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபிகளார் (ஸல்) நமக்கு வழிகாட்டியிருக்கிறார்கள். காரணங்களைக் கையாள்வோம், முடிவை அல்லாஹ்விடம் ஒப்படைப்போம். ஸாலிஹான சந்ததிகளை அவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

வல்லாஹு அஃலம்.