ஏடும் எழுத்தாணியும் எவர் கையில்?

திருக்கோவலூரில், தென்பெண்ணை ஆற்றிடையே, ஒரு பாறை நிற்கிறது. கபிலர் குன்று என்பர் மக்கள். பாரி தன்னிடம் ஒப்புவித்த பெண்ணை மலையமானுக்கு மணமுடித்துத் தந்தபின் கபிலர் தீப்புகுந்தார் என்ற செய்தியை, அவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிற் கல்வெட்டு கூறுகிறது. இராசராச சோழன் காலத்துக் கல்வெட்டு அது. புலவர் மறைந்து பன்னூறு ஆண்டுகளுக்குப் பின்னர் அவர் பெயர் கல்லேறிற்று!

நல்ல செய்திதான்; போற்றுகிறோம். ஆனால், ஒரு கேள்வி எழாமலில்லை. அந்தக் கல்லில் உளிபட வேண்டுமெனில் எவர் இசைவு வேண்டும்? மன்னவன் இசைவு, கோயிலார் இசைவு, கொடையளிக்கும் பெருங்குடியினர் இசைவு. அதே ஆற்றங்கரையில் ஏர் பிடித்தவன், கல்லுடைத்தவன், மேற்கே தெரியும் மலையில் தினை விதைத்தவன் — இவர்களுக்கும் பாட்டு இருந்தது, கதை இருந்தது, கண்ணீர் இருந்தது. கல் இருந்ததா? இல்லை! எழுதுகோல் எவர் கையிலோ, அவர் கதை வரலாறாயிற்று. எழுதுகோல் இல்லாதான் கதை காற்றிலே கலந்தது.

கல்லோடு ஓலையும் இருந்தது. ஓலையும் எல்லோர்க்கும் எட்டவில்லை. படியெடுக்க ஆள் வேண்டும், படித்தவன் வேண்டும், பாதுகாக்கப் பரண் வேண்டும். மடத்திலும் மாளிகையிலும் ஓலைகள் உறங்கின. கரையானுக்குக் கிடைத்த விருந்து, கற்க விழைந்தோர்க்குக் கிடைக்கவில்லை.

பின்னர் வந்தது அச்சு. 1578-ல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாயிற்று. இந்திய மொழியொன்றின் எழுத்திலேயே இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் அது. மொழி தமிழ்! எத்துணைப் பெருமை! ஆனால் அச்சுப்பொறி எவர் கையில்? கடல் கடந்து வந்த பாதிரிமார் கையில். தரங்கம்பாடியில் சீகன்பால்கு அமைத்த அச்சகத்திலிருந்து 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு வெளிவந்ததும் அவ்வழியே. 1835-ல், மெட்காஃப் காலத்தில், அச்சகங்களுக்கிருந்த உரிமக் கட்டுப்பாடு நீங்கிற்று. அதன்பின் நம்மவர் அச்சகங்கள் ஊர்தோறும் தலையெடுத்தன.

பூட்டு திறந்தது, சுங்கச்சாவடி நின்றது. தாளுக்குப் பணம், கூலிக்குப் பணம், கட்டுக்குப் பணம். 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், நூல் வெளிவருமுன்பே வாங்குவோரிடம் கையொப்பம் திரட்ட வேண்டியிருந்தது. கற்றறிந்த ஆசிரியருக்கே அந்த நிலை என்றால், கைந்நாட்டுக் குடும்பத்தில் பிறந்தவன் கதை என்ன? அவன் நூலுக்கு எவர் கையொப்பமிடுவார்?

இந்தத் தளையை உணர்ந்தோர் சொந்த ஏடும் சொந்த அச்சகமும் கண்டனர். 1925-ல் ஈரோட்டில் ‘குடி அரசு’ பிறந்தது. பிறர் அச்சிட மறுக்கும் கருத்தைத் தாமே அச்சிட்டுத் தாமே பரப்ப வேண்டும் என்ற துணிவு அது. பெரியார் அத்துடன் நிற்கவில்லை. எழுத்துக் கோக்கும் பெட்டியையே உற்று நோக்கினார். ணா, றா, னா போன்றவற்றுக்கும், ணை, லை, ளை, னை போன்றவற்றுக்கும் தனித்தனி வடிவங்கள் ஏன்? கற்கும் குழந்தைக்குச் சுமை. அச்சுக் கோப்போனுக்கும் சுமை! 1935 முதல் தம் ஏட்டிலே சீர்திருத்திய வடிவங்களை வழங்கினார். 1978-ல் தமிழ்நாடு அரசு அவற்றை ஏற்றது. எழுத்தின் வடிவமைப்பு ஒப்பனை வேலை என்று எண்ணுவோர் இந்த வரலாற்றை நினைவிற் கொள்ள வேண்டும். எழுத்தை எளிதாக்குவது, எழுதுவோர் தொகையைப் பெருக்குவதாகும்.

மலை கூறும் கதை

இப்போது கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நோக்குவோம். கல்வராயன் மலை. பெரிய கல்வராயன், சின்னக் கல்வராயன் என இரு கூறுகள், இடையிடையே சிற்றூர்கள், நடுவே வெள்ளிமலை. அங்கு வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். மலைவாழ்நர் என்பதே அப்பெயரின் பொருள், கேரளத்தாரைக் குறிப்பதன்று. காஞ்சியினின்றும் உடன்பிறந்தார் மூவர் புறப்பட்டு மலையேறிய கதையை அவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர்.

சொல்லி வருகின்றனர், ஆம், சொல்லித்தான் வருகின்றனர். எழுதியவர் யார்? 1906-ல் தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடியை எழுதியவர் டபிள்யூ. பிரான்சிஸ் என்ற ஆங்கில அதிகாரி. 1909-ல் ஏழு தொகுதிகளாக வந்த தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில் மலையாளிகளைப் பற்றி எழுதியவர் எட்கர் தர்ஸ்டன். அவர்கள் உழைப்பைக் குறைகூற வேண்டுவதில்லை. ஆனால், குதிரையில் வந்து குறிப்பெடுத்துச் செல்வோன் கண்ணுக்குத் தெரிவது ஒன்று. குடிசைக்குள் பிறந்தவன் நெஞ்சிலே நிற்பது வேறொன்று. நாடு 1947-ல் விடுதலை பெற்றது. கல்வராயன் மலையிலோ, 1976 வரையில் சாகிர்தார்களின் ஆட்சி! அதுவரை அம்மக்கள் செலுத்திய வரி எவ்வளவு, செய்த ஊதியமற்ற வேலை எத்தனை நாள், அச்சத்தில் கழித்த இரவு எத்தனை — இவற்றையெல்லாம் அறிந்த முதியோர் இன்று ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். ஒரு முதியவர் மறைகிறார். ஓர் ஏடு எரிகிறது.

2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2024 சூனில் கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது, நாடெங்கும் ஏடுகள் கள்ளக்குறிச்சியின் பெயரைக் கொட்டை எழுத்தில் பொறித்தன. செத்தால் செய்தி! வாழ்ந்ததற்கு வரலாறு உண்டா? இந்த மண்ணின் மரச்சிற்பம் 2021-ல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தச் சிற்பி உளிபிடித்த கதையை அவனே எழுதி, அவன் பெயராலேயே ஒரு நூல் வர வேண்டாமா?

வரலாம். இன்று அதற்கு அச்சகம் வேண்டா, கிடங்கு வேண்டா, கையொப்பத் திரட்டு வேண்டா. மின்னூல் என்ற வாயில் திறந்திருக்கிறது.

வாயில் திறந்த வகை

1971 சூலை 4-ஆம் நாள், அமெரிக்க மாணவர் மைக்கேல் ஆர்ட், தம் நாட்டு விடுதலைப் பிரகடனத்தைக் கணிப்பொறியில் தட்டச்சு செய்து பிறர்க்கு வழங்கினார். குடென்பர்க் திட்டம் அவ்வாறு தொடங்கிற்று. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். உலகெங்கும் சிதறியிருந்த தமிழர்கள், ஊதியமின்றி, இரவு நேரங்களில் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தனர். மன்னர் ஆணையிடவில்லை, மடம் பொருள் தரவில்லை, மக்களே செய்தனர்!

இடையூறு ஒன்றிருந்தது. ஒருவர் ஒரு குறியேற்றத்தில் எழுதுவார். மற்றவர் கணிப்பொறியில் அது புரியாத கிறுக்கலாகத் தெரியும். ஒரே தமிழ், ஆயினும் ஒருவரை ஒருவர் படிக்கவியலாத அவலம்! 1999-ல் சென்னையில் கூடிய தமிழ்இணைய மாநாடு, விசைப்பலகைக்கும் குறியேற்றத்துக்கும் பொது முறை கண்டது. உலக மொழிகளுக்கெல்லாம் இடம் தந்த ஒருங்குறியில் தமிழுக்கும் இடம் அமைந்திருந்தது. 2010-ல் தமிழ்நாடு அரசு அதனை ஏற்று ஆணையிட்டது. 2013-ல் பிறந்த ‘ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்’ முயற்சி, எழுத்தாளர் தாமே முன்வந்து பொதுப்பகிர்வு உரிமத்தில் நூலை வழங்க வழி செய்தது. 2016 இறுதியில் அமேசானின் கிண்டில் தமிழ் நூல்களுக்கு இடந்தந்தது. எழுதியவனே பதிப்பாளன்; பதிப்பாளனே விற்பனையாளன் என்ற நிலை வந்தது.

வேலையைக் கற்போம்

வாயில் திறந்திருப்பது போதாது. நடக்கக் கற்க வேண்டும். மின்னூலாக்கம் அரிய மந்திரமன்று. சில ஒழுங்குகள் உண்டு.

முதலாவது, ஒருங்குறியிலேயே எழுதுக. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ஏடு, நாளை திறக்கவொண்ணாத ஓலைக்கட்டாகும். எழுத்தையும் சரியாக இடுக. ‘அவர்’ என்பதிலுள்ள ரகரமெய்க்குப் பதிலாகத் துணைக்காலிட்டு, அதன்மேல் புள்ளி வைப்போர் உளர். ‘கௌ’ என்னுமிடத்தில் ‘கெ’ எழுதி ‘ள’ சேர்ப்போரும் உளர். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, கணிப்பொறிக்குத் தெரியும். பின்னாளில் ஒருவர் அந்தச் சொல்லைத் தேடுவார். நூலில் இருந்தும் அகப்படாது!

இரண்டாவது, அச்சு நூலுக்கு நிலையான பக்கம் உண்டு, மின்னூலுக்கு அஃதில்லை. பிடிஎஃப் என்பது தாளைப் படம் பிடித்தாற்போன்றது. சிறு கைப்பேசியில் படிப்பவர் எழுத்தை இழுத்திழுத்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்வார். 2007-ல் பொதுத் தரமாக வந்த ஈபப் வடிவமோ, ஊற்றிய கலத்துக்கேற்ப நிற்கும் நீர் போன்றது; படிப்பவர் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமே இடம் மாறும். ஆகவே, இடைவெளி விசையைப் பலமுறை தட்டி வரியை நகர்த்துவதும், வெற்று வரிகளை அடுக்கிப் புதுப்பக்கம் காண்பதும் வீண்வேலை. தலைப்பைத் தடித்த எழுத்தாக்கினால் போதாது. ‘தலைப்பு’ என்ற பாணியை அதற்கு அளிக்க வேண்டும். அப்போதுதான் பொருளடக்கம் தானே அமையும். தொட்டவுடன் அவ்வியல் திறக்கும். தமிழ்ச் சொற்கள் நீண்டவை. இரு ஓரமும் நேராக இழுத்து நிறுத்தினால், சிறு திரையில் சொல்லுக்குச் சொல் பள்ளம் விழும். இடப்புறம் மட்டும் நேராக விடுவதே நலம்.

மூன்றாவது, கருவிகளுக்குக் காசு வேண்டா. லிப்ரெஆபிஸ் என்ற கட்டற்ற மென்பொருள் 2018 முதல் ஈபப் வடிவில் நேரே ஏற்றுமதி செய்கிறது. கோவிட் கோயல் என்ற இந்தியர் 2006-ல் தொடங்கிய காலிபர், ஒரு வடிவத்தை மற்றொன்றாக மாற்றித் தரும். ஆக்கியபின், விலைகுறைந்த கைப்பேசி ஒன்றில் முதல் வரிமுதல் இறுதி வரிவரை படித்துப் பார்த்தல் கடமை. படமில்லா நூலெனில், ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கும். அலைக்கற்றை எட்டாத மலைச்சிற்றூரிலும், ஒருமுறை இறக்கிய நூல், ஒரு கைப்பேசியிலிருந்து மறு கைப்பேசிக்குச் செல்லும்.

நான்காவது, உரிமை அறிக. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவுடனே உரிமை எழுதியவருடையது. அவர் வாழ்நாளும், அதன்பின் 60 ஆண்டும் அது நிலைக்கும். பன்னாட்டுத் தர நூல் எண்ணை, இராசாராம் மோகன்ராய் பெயரில் இயங்கும் தேசிய முகமை கட்டணமின்றி வழங்குகிறது. எண் பெற்றுத் தருகிறோம் என்று பணம் கேட்போரிடம் எச்சரிக்கை! ஒரே கடைக்கு மட்டும் விற்பனை உரிமை தரும் ஒப்பந்தத்தில் ஒப்புமுன் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். மூலக்கோப்பு எப்போதும் உங்கள் கையில் இருக்கட்டும். பழைய சாகிர்தாரை நீக்கிவிட்டுப் புதிய சாகிர்தாரைத் தேடிக்கொள்வதா?

“கண்டவரெல்லாம் எழுதுவதா?”

இந்தக் குரல் எழும், எழுந்தும் வருகிறது. “தரம் கெடும், குப்பை குவியும்” என்கின்றனர். பழைய குரல்தான், புதிய சட்டை அணிந்து வருகிறது. கண்டவரெல்லாம் படிப்பதா என்று கேட்டனர் அன்று. எழுதுவதா என்று கேட்கின்றனர் இன்று!

ஆயினும், அக்குரலில் ஒரு துளி உண்மை உண்டு என்பதை மறுக்க வேண்டுவதில்லை. பிழை மலிந்த மின்னூல்கள் உள்ளன. பிறர் எழுதியதைத் திருடி விற்போரும் உளர். மருந்து என்ன? கதவடைப்பு அன்று, கண்காணிப்பு! பதிப்பாளர் இல்லையெனில், பதிப்பாளர் செய்த பணியும் இல்லை என்பதன்று பொருள். மெய்ப்புப் பார்க்க ஒரு நண்பர், உண்மை சரிபார்க்க ஓர் ஆசிரியர், “இது விளங்கவில்லை” என்று துணிந்து சொல்ல ஒரு வாசகர் — இம்மூவர் இல்லாமல் எந்நூலும் வெளிவரலாகாது. உரிமை வந்தது, உடன் பொறுப்பும் வந்தது.

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம், திருக்கோவலூர்க் கல்லூரி மாணவர்களே! மலையிலிருந்து இறங்கிவந்து பயிலும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளே! உங்கள் பாட்டியிடம் அமருங்கள். அவர் இசைந்தால், கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். நாற்று நடும் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி, வேட்டைக் கதை, சாகிர் காலத்துக் கொடுமை — கேட்டவண்ணம் எழுதுங்கள். அவர் பேசும் சொல்லைப் புத்தகத் தமிழாக்கிப் பாழாக்காதீர்கள். அட்டையிலே அவர் பெயர் முதலில் வரட்டும். தொகுத்தவர் பெயர் பின்னே நிற்கட்டும். ஈபப் ஆக்குங்கள், ஊர்ப்புற நூலகத்துக்கும், மலைப்பள்ளிக்கும் படி கொடுங்கள், இணையத்தில் ஏற்றுங்கள். பத்துப்பேர் படித்தாலும் பயன் உண்டு; ஏனெனில், பதினோராவது ஆளாக, நூறாண்டு கழித்து உங்கள் பேரன் படிப்பான். அவன் தன் குலக்கதையைத் தேடித் தர்ஸ்டனிடம் செல்ல வேண்டிய நிலை இராது.

கல் அன்று மன்னவனிடம் இருந்தது, ஓலை மடத்திடம், அச்சு பொருளுடையோரிடம். இன்று எழுதுகோல் உங்கள் சட்டைப்பையிலே கிடக்கிறது. எடுங்கள்; எழுதுங்கள்!