காலராக் கிருமி குடலைப் பற்றும் விதம்: நூல் முடிச்சு மறைத்த கேள்வி

1884இல் ராபர்ட் காக் கல்கத்தாவில் காலராக் கிருமியை உறுதிப்படுத்திய பின்னும், அது உடலுக்குள் எவ்வாறு தீங்கு செய்கிறது என்பது எழுபத்தைந்து ஆண்டுகள் புதிராகவே இருந்தது. அதனை அவிழ்த்தவர் அதே நகரத்தின் மருத்துவ அறிஞர் சம்புநாத் டே. முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் நூலால் கட்டி, அதனுள் கிருமியைச் செலுத்தினார். அப்பகுதி நீர் கோத்து வீங்கியது. கிருமியை முற்றிலும் நீக்கிய வடிநீரே அவ்வீக்கத்தை உண்டாக்கப் போதுமானது என்று 1959இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். நோயை விளைவிப்பது கிருமி சுரக்கும் நச்சு என்பது தெளிவாயிற்று. இத்தகைய ஒருவரை அவர் வாழ்நாளில் இந்திய அறிவியல் கழகம் எதுவும் உறுப்பினராக்கவில்லை என்பது வருந்தத்தக்க வரலாறு.

ஆயினும் டேயின் முடிச்சு வேறொரு கேள்வியை மறைத்தது. இயல்பான குடலில் உள்ளவையெல்லாம் ஓயாது கீழே தள்ளப்படுகின்றன. பேதியின்போதோ அது வெள்ளமாகிறது. கட்டிய குடலில் அவ்வோட்டம் இல்லை. அங்கே கிருமி எதையும் பற்றி நிற்க வேண்டியதில்லை. ஓடும் குடலில் அது எப்படி நிலைக்கிறது?

விடை 1987இல் அமெரிக்காவிலிருந்து வந்தது. ரொனால்ட் டெய்லர், ஜான் மெக்கலனோஸ் முதலியோர், நச்சு சுரக்கும் அதே சூழலில் கிருமியின் மேற்பரப்பில் புரத இழைகள் முளைப்பதைக் கண்டனர். இவ்விழைகள் பின்னிக்கொண்டு, கிருமிகளைக் குடற்சுவரில் சிறு கூட்டங்களாக நிறுத்துகின்றன. மறு ஆண்டே தன்னார்வலர்களிடம் நடந்த சோதனையில், இழையற்ற கிருமியால் மனிதக் குடலில் குடியேற முடியவில்லை. 1996இல் இன்னொரு வியப்பு: நச்சுக்கான மரபணுவைச் சுமக்கும் வைரஸ் கிருமிக்குள் நுழைவதும் இவ்விழையைப் பற்றியே.

2005இல் மற்றொரு மேற்பரப்புப் புரதம் அறியப்பட்டது. அது நீர்நிலைகளில் வாழும் நுண்ணிய ஓட்டுடலிகளின் கைட்டினையும் பற்றும், குடற்சுவரையும் பற்றும்; இரண்டிலும் உள்ள ஒரே வகைச் சர்க்கரைக்கூறே அதன் பிடிமானம். குளத்தில் வாழக் கற்ற பிடி குடலிலும் உதவுகிறது.

இதற்கு இரண்டாண்டுகள் முன்பே வங்கதேசத்திலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. பழைய புடவையைப் பல மடிப்பாக மடித்துக் குடிநீரை வடித்த சிற்றூர்களில் காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. தனித்த கிருமி துணியின் கண்களில் எளிதில் நழுவிவிடும்; ஓட்டுடலியைப் பற்றிய கிருமி அதனோடு துணியிலேயே சிக்கிக்கொள்கிறது.