எதிரொலியைத் துணைக்கொண்டவர்

புரோத்ராபூரில் மழை பிடித்துக்கொண்டால் லேசில் விடாது. மாப்பிள்ளைக்கு அந்தமானுக்கு மாற்றலாகி, போர்ட் பிளேரை அடுத்த இந்த ஊரில் ஜாகை. நானும் அகத்துக்காரியும் பெண்ணுடன் சில மாதங்கள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறோம். போர்ட் பிளேருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். என் வாயில் மட்டும் பழைய பெயர்தான் வருகிறது.

அப்படியொரு மழை நாளில், ஒன்பதாவது படிக்கும் பேரன் கைபேசியும் கையுமாக வந்து உட்கார்ந்தான்.

"தாத்தா, உன் பேர்ல அமெரிக்காவுல ஒரு பேடன்ட் இருக்காமே, அம்மா சொன்னா. அதுல உனக்கு எவ்வளவு பணம் வந்தது?"

"ஒரு மரப்பலகை வந்ததுடா" என்றேன். அவன் நம்பவில்லை. உண்மை அதுதான். சென்னையிலும் பெங்களூரிலுமாக முப்பத்தோரு வருஷம் எம்பெடட் சிஸ்டம்ஸ் துறையில் இருந்தேன். அதாவது கணினித் திரையில் தெரியாமல், டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் அட்டைகளுக்குள்ளேயே பதிந்து கிடந்து வேலை செய்யும் மென்பொருளை எழுதுவது. ஒரு சமயம் நான் கண்ட சிறு வழி ஒன்றுக்கு கம்பெனி பேடன்ட் விண்ணப்பித்தது. உரிமை முழுவதையும் கம்பெனிக்கே எழுதிக் கொடுத்து ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன். பித்தளைத் தகடு பதித்த பலகை ஒன்று தந்தார்கள். நான் ஓய்வு பெறுவதற்கு முன்பே அந்தச் சாதனத்தின் உற்பத்தி நின்றுவிட்டது. நம் பத்திரிகையின் வரன் பகுதியிலேயே "பையன் பெயரில் இரண்டு பேடன்ட் உள்ளது" என்று யாரோ போட்டிருந்ததைப் படித்தபோது, பெண்ணைப் பெற்றவர் ஏமாறக் கூடாதே என்று எனக்குக் கவலையாகவே இருந்தது.

பேடன்ட் என்றால் என்னவென்று பேரனுக்குச் சொல்ல, என்னுடையதைவிட ஆயிரம் மடங்கு நல்ல உதாரணம் அவன் கையிலேயே இருந்தது. அந்தக் கைபேசிக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட ஆன்டெனாக்கள் இருக்கின்றன. ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் அவை தனித்தனிச் செய்திகளை வாங்குகின்றன. 'மைமோ' என்பது அதன் பெயர். இன்று 4ஜி, 5ஜி, வைஃபை எல்லாவற்றுக்கும் அடிநாதம் அதுவே. அந்த முறைக்கு 1992 பிப்ரவரியில் அமெரிக்காவில் பேடன்ட் கேட்டு விண்ணப்பித்தவர் பொள்ளாச்சியில் பிறந்த நம் ஊர்க்காரர், ஆரோக்கியசாமி பால்ராஜ். அப்போது அவருக்கு வயது 47. அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகள் அவர் இந்தியக் கடற்படையில் இருந்தவர்.

மேலை நாட்டுக் கட்டுரைகளில் இந்தக் கதை 1992-இல்தான் தொடங்கும். அது பாதிக் கதை என்பது என் அபிப்பிராயம். முன்பாதி கடலுக்குள் இருக்கிறது.

பால்ராஜ் 1944-இல் பிறந்தார். ஏற்காடு மான்ட்ஃபோர்ட் பள்ளியில் படித்து, பதினைந்து வயதில் தேசிய ராணுவ அகாடமிக்குப் போனார். பிறகு லோனாவ்லாவில் கடற்படைப் பொறியியல் கல்லூரி. 1969-இல் கடற்படையே அவரை மேல்படிப்புக்காக டெல்லி ஐ.ஐ.டி.க்கு அனுப்பியது. அங்கே பேராசிரியர் பி.வி. இந்திரேசன் அவருடைய திறமையைக் கண்டு, முனைவர் பட்டத்துக்கே வழி செய்தார். இரைச்சலுக்கு நடுவே சிக்னலைப் பிரித்தெடுக்கும் கணிதம்தான் ஆய்வுப் பொருள்.

இதற்கிடையில் 1971 டிசம்பர் யுத்தம் வந்தது. இந்தத் தீவுகளில் இருந்துகொண்டு அதை நினைக்காமல் இருக்க முடியாது. நம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த், வடக்கு அந்தமானின் போர்ட் கார்ன்வாலிஸ் பக்கம் ஒதுங்கியிருந்தது. அதைத் தேடி வந்த பாகிஸ்தான் நீர்மூழ்கி காஜி, டிசம்பர் 3 நள்ளிரவையொட்டி விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கியது. அந்த மகிழ்ச்சி ஒரு வாரம்கூட நிற்கவில்லை. டிசம்பர் 9 இரவு டையூவுக்கு அப்பால் ஹாங்கோர் என்ற நீர்மூழ்கி நம் குக்ரி கப்பலைத் தாக்கியது. கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலோடு போனார். 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டார்கள்.

நீருக்கடியில் ஒளிந்திருக்கும் எதிரியைக் கண்டுபிடிக்கக் கப்பலுக்கு இருக்கும் ஒரே காது சோனார். ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கேட்டு, எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று அது கணக்கிடும். குக்ரியை இழந்த பிறகு, கப்பல்களில் இருந்த பழைய பிரிட்டிஷ் சோனாரைச் சீர்திருத்தும் பொறுப்பு பால்ராஜிடம் வந்தது. 1973-இல் முனைவர் பட்டம். அப்புறம் இங்கிலாந்தில் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் சில காலம். 1977 முதல் 1983 வரை கொச்சியில் உள்ள கடற்படை ஆய்வுக்கூடத்தில் 'அப்சோ' என்ற புதிய சோனாரை உருவாக்கும் குழுவுக்குத் தலைமை. 1983-இல் அது கப்பலேறியது. பாரத் எலக்ட்ரானிக்ஸ் அதைத் தயாரித்துக் கொடுத்தது.

என் தொழில் கண்ணோடு பார்க்கும்போது இந்த வேலையின் கடினம் எனக்கு நன்றாகப் புரிகிறது. கப்பல் ஆடும், அதிரும், உப்புக்காற்று எந்த இணைப்பையும் அரிக்கும். இடம் குறைவு, மின்சாரம் குறைவு. பழுதானால் கடை தேட நடுக்கடலில் கடை ஏது? இத்தனைக்கும் நடுவே நூற்றுக்கணக்கான எதிரொலிகளைக் கணப்பொழுதில் கணக்குப் போட வேண்டும். ஒலி கடல் தரையில் பட்டு ஒன்றாகவும், நீர்ப்பரப்பில் பட்டு மற்றொன்றாகவும், நேரே வேறொன்றாகவும் திரும்பி வரும். இந்தச் சிதறல்தான் சோனார்காரர்களின் பரம சத்ரு. அதனுடன் பால்ராஜ் பத்து வருஷத்துக்கும் மேல் மல்லுக்கு நின்றார்.

1983-இல் இரண்டு வருஷ விடுப்பில் ஸ்டான்ஃபோர்டுக்குச் சென்று பேராசிரியர் தாமஸ் கைலாத்திடம் சேர்ந்தார். அங்கே ரிச்சர்ட் ராயுடன் சேர்ந்து மூவருமாக உருவாக்கிய 'எஸ்ப்ரிட்' என்ற கணக்கு முறை, பல ஆன்டெனாக்களில் விழும் அலைகள் எந்தெந்தத் திசையிலிருந்து வருகின்றன என்று கண்டுபிடிப்பது. கடலில் ஒலிக்குச் செய்ததை இங்கே வானலைக்குச் செய்தார்கள், அவ்வளவுதான். 1986-இல் நாடு திரும்பி, பெங்களூரில் செயற்கை நுண்ணறிவு ஆய்வு மையமான கெய்ர் தொடங்கியபோது அதற்குத் தலைமை ஏற்றார். 1991-இல் கடற்படையிலிருந்து விலகி மறுபடியும் ஸ்டான்ஃபோர்டு. ஏன் விலகினார் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். நான் அதற்குள் போகவில்லை.

இனி 1992. ஒரே அலைவரிசையில் கலந்து வரும் இரண்டு சிக்னல்களைப் பிரிக்கும் சோதனைகளில் அவர் இருந்தபோதுதான் அந்த யோசனை பிறந்தது. அதைப் பேரனுக்கு அவன் கணக்கு நோட்டிலேயே போட்டுக் காட்டினேன்.

கோபுரத்திலிருந்து இரண்டு ஆன்டெனாக்கள் ஆளுக்கொரு எண்ணை ஒரே நேரத்தில் அனுப்புகின்றன. கைபேசியின் முதல் ஆன்டெனாவில் இரண்டும் கலந்து விழுகின்றன: x + y = 10. அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இரண்டாவது ஆன்டெனாவில் வேறு விகிதத்தில் கலந்து விழுகின்றன: x + 2y = 14. உடனே y = 4, x = 6 என்று விடை வந்துவிடும். ஆனால் இரண்டாவது ஆன்டெனாவும் அதே x + y = 10 என்றே சொன்னால்? கணக்கு அங்கேயே நின்றுவிடும்.

"அப்ப ரெண்டும் வேற வேற மாதிரி கலக்கணும். யார் கலக்கறா?" என்றான் பேரன். சரியான கேள்வி.

கலப்பவை சுவர்களும் மரங்களும் கட்டடங்களும்தான். தடையே இல்லாத பொட்டல் வெளியில் பக்கத்துப் பக்கத்து ஆன்டெனாக்கள் ஏறக்குறைய ஒரே கலவையைத்தான் கேட்கும். அலைகள் அங்கங்கே மோதிச் சிதறி வந்தால்தான் சமன்பாடுகள் வேறுபடும், விடை கிடைக்கும். அதுவரை ரேடியோ பொறியாளர்கள் எல்லோரும் எந்தச் சிதறலை ஒழிக்கப் பாடுபட்டார்களோ, அதையே வேலைக்காரனாக வைத்துக்கொண்டது இந்த முறை. கூடுதல் அலைவரிசை கேட்காமலேயே இரண்டு மடங்கு, நான்கு மடங்கு செய்தி போகும். எதிரொலியுடன் இத்தனை காலம் போராடிய ஒருவருக்குத்தான் அதைத் துணையாக்கிக்கொள்ளத் தோன்றும் என்று நான் நினைக்கிறேன்.

பால்ராஜ், கைலாத் இருவர் பெயரிலும் பேடன்ட் 1994 செப்டம்பரில் கிடைத்தது. எண் 5345599. நியாயமாக மற்றவர்களையும் சொல்ல வேண்டும். பெல் ஆய்வுக்கூடத்தில் ஜாக் வின்டர்ஸ் எண்பதுகளிலேயே இதற்கு அருகில் வந்திருந்தார். எம்ரே டெலாடார் 1995-இலும் ஜெரார்ட் ஃபோஷினி 1996-இலும் எழுதிய ஆய்வுகள் இல்லாவிட்டால் இதன் கணித பலம் உலகுக்குத் தெரிந்திருக்காது. 1992-இல் பலருக்கு நம்பிக்கை வரவில்லை. செய்து காட்டத்தான் 1998-இல் பால்ராஜ் ஒரு கம்பெனி தொடங்கினார். ஐயோஸ்பான் என்ற அந்தக் கம்பெனியை 2003 வாக்கில் இன்டெல் வாங்கியது. அடுத்துத் தொடங்கிய பீசீம் 2010-இல் பிராட்காம் வசம் போயிற்று.

இங்கேதான் பேரனின் பணக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. மைமோ வைஃபை தரவிதிகளில் இடம்பெற்றது 2009-இல். முதல் 4ஜி சேவை ஸ்டாக்ஹோமிலும் ஆஸ்லோவிலும் தொடங்கியதும் அதே ஆண்டு டிசம்பரில்தான். பேடன்டுக்கு ஆயுள் விண்ணப்பித்த நாளிலிருந்து இருபது ஆண்டு, அதாவது 2012 பிப்ரவரி வரை. உலகம் முழுதும் அதை அள்ளி அள்ளிப் பயன்படுத்த ஆரம்பித்த சமயத்தில் உரிமை முடிந்துவிட்டது. இதைக் கேட்டுப் பேரன் "ஐயோ பாவம்" என்றான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முழு விளக்கத்தையும் ஊரறிய எழுதிக் கொடுத்துவிடு, பதிலுக்குச் சில காலம் உரிமை தருகிறோம் என்பதுதான் பேடன்டின் ஒப்பந்தம். அந்தத் தாளை இன்றைக்கும் யாரும் எடுத்துப் படிக்கலாம். விருதுகளும் வராமல் இல்லை: 2010-இல் பத்ம பூஷண், 2014-இல் மார்க்கோனி பரிசு, 2018-இல் அமெரிக்க கண்டுபிடிப்பாளர் அரங்கில் இடம்.

இத்தனையும் இருந்தும் அந்தமானுக்கு அந்தப் பயன் தாமதமாகத்தான் வந்தது. கோபுரமும் கைபேசியும் எவ்வளவு வேகமாகப் பேசிக்கொண்டாலும், கோபுரத்திலிருந்து நாட்டின் மறுபக்கத்துக்குச் செய்தி போக செயற்கைக்கோள் ஒன்றுதான் வழி. அந்தக் குறுகலான வழியில் எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும். 2018-இல் நான் இங்கே வந்திருந்தபோது ஒரு சீமந்தப் படத்தை மயிலாப்பூருக்கு அனுப்பிவிட்டு, காபி குடித்து, குளித்தும் வந்தேன். அது போகவில்லை. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னைக்கும் இந்தத் தீவுகளுக்கும் இடையே சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் தொடங்கிவைக்கப்பட்டது. அதற்குச் செலவு 1,224 கோடி ரூபாய். இப்போது மழைக்கு நடுவிலும் பேரன் கிரிக்கெட் பார்க்கிறான்.

கடைசியாக அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். மைமோ தாளில் இரண்டு பெயர்கள் அச்சாகி நிற்கின்றன. போர்க்கப்பலில் ஏறிய கருவியின் நுட்பத்தையோ ஊரறிய எழுத முடியாது. ஆகவே 1977 முதல் 1983 வரை கொச்சியில் அப்சோவுக்காக இராப்பகலாகச் சாலிடரிங் செய்தவர்கள், நிரல் எழுதியவர்கள், ஆடும் கப்பலில் வாந்தியெடுத்துக்கொண்டே சோதனை பார்த்தவர்கள் யார் யார் என்று நம் போன்றவர்களுக்குத் தெரிவதில்லை. அவர்களில் பலருக்கு இப்போது எழுபது, எண்பது வயதிருக்கும். நம் உறுப்பினர்கள் பல நகரங்களில் இருக்கிறார்கள். அந்த நாட்களில் கொச்சியிலோ பெங்களூரிலோ அந்தப் பணியில் இருந்தவர்களை, அல்லது அவர்களின் குடும்பத்தாரை அறிந்தவர்கள் இருந்தால், சொல்லக்கூடியதை மட்டும் நாலு வரி எழுதி ஆசிரியருக்கு அனுப்புங்கள். தொகுத்து எழுத நான் தயார். இங்கே தை மாதம் வரை இருப்பேன்.