நடைபாதையும் நத்தமும்: உறைவிட உரிமை பேசும் இரு தீர்ப்புகள்

நடைபாதையில் வாழ்வோரின் உரிமை பற்றிய விவாதங்களில் ஓல்கா டெல்லிஸ் வழக்கே முதலில் மேற்கோள் காட்டப்படுகிறது. 1981 ஜூலையில் மகாராஷ்டிர முதல்வர் ஏ.ஆர். அந்துலே, பம்பாய் நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்தி அவரவர் சொந்த ஊர்களுக்கே அனுப்பப்போவதாக அறிவித்தார். அதை எதிர்த்த வழக்கில் 1985 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது. வேலைக்கு அருகில் இருக்கவே ஒருவர் நடைபாதையில் உறங்குகிறார். அவரை அங்கிருந்து அகற்றுவது பிழைப்பைப் பறிப்பதாகும். பிழைப்பைப் பறிப்பது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் உறுப்பு காக்கும் உயிர்வாழும் உரிமையைப் பறிப்பதாகும். இத்தருக்கத்தை அமர்வு முழுமையாக ஏற்றது.

ஏற்றபின்னும் வெளியேற்றத்தை அனுமதித்தது. முன்னறிவிப்பு தந்து, மழைக்காலம் கழிந்தபின் அகற்றலாம் என்றது. மாற்றிடம் தருவதை முன்நிபந்தனை ஆக்கவில்லை. கொண்டாடப்படும் இத்தீர்ப்பு வீடற்றோருக்கு அளித்தது வீடன்று, அறிவிக்கை பெறும் உரிமையே என்பது நம் கருத்து.

நம் மாணவர்கள் அதனோடு சேர்த்துப் படிக்க வேண்டியது சமேலி சிங் வழக்கு. உத்தரப் பிரதேசத்தில் தலித்துகளுக்கு வீடு கட்ட அரசு நிலம் கையகப்படுத்தியது. ஆட்சேபணைகளை விசாரிக்காமல் அவசரப் பிரிவின்கீழ் எடுத்தது தவறென நில உடைமையாளர்கள் வழக்காடினர். 1995 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கையகப்படுத்தலை உறுதிசெய்தது. நீதிபதி கே. ராமசாமி எழுதிய அத்தீர்ப்பு, உறைவிடம் என்பது தலைக்குமேல் ஒரு கூரை மட்டுமன்று என்று கூறி, போதிய இடம், காற்று, வெளிச்சம், குடிநீர், மின்சாரம், கழிவுநீர் வசதி, சாலை ஆகியவற்றையும் அவ்வுரிமைக்குள் சேர்த்தது. உறைவிட உரிமைக்கு இத்துணை விரிவான விளக்கம் தலித்துகளின் வீட்டுமனை பற்றிய வழக்கிலேயே பிறந்தது என்பதை நகர்ப்புற வீட்டுரிமை பேசுவோர் பலர் குறிப்பிடுவதே இல்லை.

நமக்கு இது புதிய செய்தியன்று. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீர், பறையர்கள் குடியிருந்த மனையைக்கூட மிராசுதார்கள் தமதெனக் கோரியதையும், குடிசையிலிருந்து விரட்டப்படும் அச்சமே அவர்களை அடிமைத்தனத்தில் கட்டிவைத்திருந்ததையும் அரசுக்கு எழுதினார். அடுத்த ஆண்டின் பஞ்சமி நில ஆணைக்குப் பின்னணி அந்த அறிக்கையே. ஊரில் மனையுரிமை மறுக்கப்பட்டோரின் வழித்தோன்றல்கள் நகரத்தில் ‘ஆக்கிரமிப்பாளர்’ எனப் பெயர் பெறுகின்றனர்.

இந்தியா 1979இல் ஏற்ற பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 11ஆம் உறுப்பு, போதுமான வீட்டுவசதியை உரிமையாக்குகிறது. வேலை, பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றை எட்டும் இடத்தில் அமைவதும் ‘போதுமான’ என்பதன் பொருளே என அவ்வுடன்படிக்கைக் குழு 1991இல் விளக்கியது. வெளியேற்றத்தால் எவரும் வீடற்றவராகக் கூடாது என 1997இல் மேலும் தெளிவுபடுத்தியது.

இவ்வளவுகோலைச் சென்னையில் வைத்துப் பார்ப்போம். பாரிமுனைச் சுற்றுவட்டத்தில் சுமை தூக்கியும் பூ விற்றும் தலைமுறைகளாகத் தார்ப்பாய்க்கு அடியில் வாழும் குடும்பங்கள் உள்ளன. அங்கிருந்து பெரும்பாக்கம் 20 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. அங்கும் கண்ணகி நகரிலும் மறுகுடியமர்த்தப்பட்டோரில் பெரும்பகுதியினர் தலித்துகள். சுவரும் கதவும் கிடைத்தன. காலை நான்கு மணிக்குச் சந்தைக்குச் செல்லும் வழி அறுந்தது. 1985இல் நீதிமன்றம் ஏற்ற வாழ்வாதாரத் தருக்கம் இங்கு மீறப்படுகிறது. மற்றொரு மாற்றான இரவுக் காப்பகங்களோ பெரும்பாலும் ஆண், பெண் எனப் பிரித்தே இயங்குகின்றன. அடுப்பும் குழந்தைகளும் உள்ள குடும்பம் அங்கு எவ்வாறு செல்லும்?

களத்தில் இயங்கும் தோழர்களுக்கு ஒன்று. அறிவிக்கை வரும்வரை காத்திராமல், கணக்கெடுப்புப் பட்டியலின் நகலைக் கேட்டுப் பெற்று, விடுபட்ட குடும்பங்களின் பெயர்களை எழுத்துமூலம் சேர்க்கக் கோருங்கள். பம்பாயில் மாற்றிடம் தருமாறு நீதிமன்றம் கூறியது 1976 கணக்கெடுப்பில் பதிவானோருக்கே. அட்டை இல்லாதோருக்கு அவ்வுறுதி கிட்டவில்லை.