14 மாதம், 82 சந்திப்பு

'தி கிங்ஸ் ஸ்பீச்' படம் பார்த்திருப்பீங்க. 2010-ல் வந்து ஆஸ்கர் வாங்கின படம். எனக்கும் பிடிக்கும். ஆனா வரலாறுன்னு வரும்போது அதுல ஒரு சிக்கல் இருக்கு. பேச்சு திக்கும் அரசர் 1939-ல் போர்க்கால ரேடியோ உரையில்தான் ஜெயிக்கிறார்னு படம் சொல்லுது. நிஜத்தில் அந்த உழைப்பு 13 வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சாச்சு.

1925 அக்டோபர் 31. லண்டன் வெம்ப்ளியில் பிரிட்டிஷ் பேரரசுக் கண்காட்சியின் நிறைவு விழா. பின்னாளில் ஆறாம் ஜார்ஜ் ஆகப்போகும் இளவரசர் ஆல்பர்ட் மைக் முன்னாடி நிற்கிறார். வார்த்தை வரலை. கேட்டுட்டு இருந்தவங்களுக்கே தர்மசங்கடம். மேடையில் பேசணும்னு அவர் ஆசைப்பட்டதே இல்லை. பிறந்த வீடு அப்படி.

அடுத்த வருஷம் அக்டோபரில் ஹார்லி தெருவில் லயனல் லோக்கைப் பார்க்கப் போறார். லோக் ஆஸ்திரேலியாக்காரர், டாக்டர் பட்டம் கிடையாது. முதல் உலகப்போரில் பேச்சு பாதிக்கப்பட்ட சிப்பாய்களோட வேலை செஞ்சு அனுபவப்பட்டவர். அவர் கொடுத்த பயிற்சி ரொம்ப சாதாரணம். நெஞ்சால் இல்லாம உதரவிதானத்தால் மூச்சு விடணும். திறந்த ஜன்னல் பக்கத்தில் நின்னு, உயிரெழுத்து ஒலி ஒவ்வொண்ணையும் 15 விநாடி சத்தமா இழுக்கணும். தினமும் ஒரு மணி நேரம். (நம்ம ஊர் பாட்டு வாத்தியார் விடியக்காலையில் அகார சாதகம் பண்ணச் சொல்வாரே, கிட்டத்தட்ட அதே கதைதான்.) சுமார் 14 மாதத்தில் இரண்டு பேரும் 82 தடவை சந்திச்சாங்க.

நடுவில், 1927 மே 9 அன்று, கான்பெராவில் புது நாடாளுமன்றக் கட்டடத் திறப்பு விழா. பேச்சு நல்லபடியா முடிஞ்சது. படத்தில் இந்த நாளே கிடையாது! ஏன்னு புரியுது. ஜன்னல் பக்கத்தில் நின்னு 'ஆ... ஈ...'னு இழுக்கிறதை எத்தனை சீன் காட்ட முடியும்?

இன்னொண்ணு, திக்கல் முழுசா போகவே இல்லை. 1937 முடிசூட்டு விழா, 1939 போர் உரை எல்லாத்துக்கும் லோக்கோட உட்கார்ந்து ஒத்திகை பார்த்தார். எங்கே நிறுத்தணும்னு கோடு போடுவாங்க, கஷ்டமான வார்த்தையை மாத்துவாங்க. போர்க்காலக் கிறிஸ்துமஸ் உரைகளில், லோக் பக்கத்தில் இல்லாம அவர் பேசினது 1944-ல்தான். அதாவது முதல் சந்திப்பிலிருந்து 18 வருஷம் கழிச்சு.

1939 உரையோட ஒலிப்பதிவு இணையத்தில் கிடைக்குது. அந்த நிறுத்தங்களுக்காகவே ஒருமுறை கேளுங்க.