சக மதிப்பாய்வு

சக மதிப்பாய்வு என்பது ஓர் ஆய்வுக் கட்டுரையை ஆய்விதழ் வெளியிடும் முன்னர், அத்துறை சார்ந்த பிற ஆய்வாளர்கள் அதனைப் படித்துச் சோதித்துக் கருத்துரைக்கும் முறை ஆகும். கட்டுரையின் முறையியலும் சான்றுகளும் அதன் முடிவைத் தாங்குகின்றனவா என்று ஆராய்வதே இதன் நோக்கம். மதிப்பாய்வாளர்கள் பொதுவாக இப்பணியை ஊதியமின்றிச் செய்கின்றனர்.

வழிமுறை

1. கட்டுரையாளர் பொருத்தமான ஆய்விதழைத் தெரிவு செய்து, அதன் விதிகளுக்கு ஏற்பக் கட்டுரையை அனுப்புகிறார். ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்புதல் முறையற்றது.
2. இதழாசிரியர் தமது இதழுக்குப் பொருந்தாதவற்றைத் திருப்பி அனுப்புகிறார். ஏனையவற்றைப் பொதுவாக இரண்டு அல்லது மூன்று மதிப்பாய்வாளர்களுக்கு அனுப்புகிறார்.
3. அவர்களது அறிக்கைகளைக் கொண்டு ஏற்பு, சிறு திருத்தம், பெருந்திருத்தம், மறுப்பு ஆகியவற்றுள் ஒன்றை முடிவு செய்கிறார்.
4. திருத்தம் கோரப்பட்டால், கட்டுரையாளர் ஒவ்வொரு கருத்துக்கும் தனித்தனியே மறுமொழி எழுத வேண்டும். ஒரு கருத்து தவறானது எனில் சான்றுடன் மறுக்கலாம்.

வகைகள்

மதிப்பாய்வாளரின் பெயர் மட்டும் மறைக்கப்படுவது ஒருவழி மறைப்பு எனவும், இரு தரப்பினரின் பெயர்களும் மறைக்கப்படுவது இருவழி மறைப்பு எனவும் அழைக்கப்படுகின்றன. திறந்த மதிப்பாய்வில் பெயர்களோ அறிக்கைகளோ வெளியிடப்படுகின்றன.

வரலாறு

இலண்டனில் 1665ஆம் ஆண்டு என்றி ஓல்டன்பர்க் தொடங்கிய 'பிலசாபிக்கல் டிரான்சாக்சன்சு' மிகப் பழைய அறிவியல் இதழ்களுள் ஒன்று. எனினும் வெளி ஆய்வாளர்களின் மதிப்பாய்வு பரவலான நடைமுறையானது 20ஆம் நூற்றாண்டிலேயே ஆகும். 'நேச்சர்' இதழ் 1973இல் இதனைக் கட்டாயமாக்கியது.

ஐன்சுடைன் நிகழ்வு

1936இல் ஆல்பர்ட் ஐன்சுடைனும் நாதன் ரோசனும் ஈர்ப்பு அலைகள் இல்லை என்ற முடிவுடன் 'பிசிக்கல் ரிவியூ' இதழுக்கு ஒரு கட்டுரை அனுப்பினர். இதழாசிரியர் ஜான் டேட் அதனை மதிப்பாய்வுக்கு அனுப்பினார். மதிப்பாய்வாளர் அதிலிருந்த பிழையைச் சுட்டினார். தம் இசைவின்றிக் கட்டுரை பிறருக்குக் காட்டப்பட்டதை ஏற்காத ஐன்சுடைன் அதனைத் திரும்பப் பெற்றார். ஆயினும் 1937இல் பிராங்க்ளின் கழக ஆய்விதழில் வெளிவந்தபோது அதன் முடிவு மாற்றப்பட்டிருந்தது. அந்த மதிப்பாய்வாளர் இயற்பியலாளர் ஓவர்டு ராபர்ட்சன் என்பது 2005இல் வெளியானது. ஈர்ப்பு அலைகள் 2015இல் நேரடியாகக் கண்டறியப்பட்டன.

குறைபாடுகள்

மதிப்பாய்வாளர்கள் பொதுவாகச் சோதனைகளை மீண்டும் செய்து பார்ப்பதில்லை. எனவே திரித்த தரவுகள் அவர்களது பார்வைக்குத் தப்பக்கூடும். தடுப்பூசியை மதியிறுக்கத்துடன் தொடர்புபடுத்தி 'லான்செட்' 1998இல் வெளியிட்ட கட்டுரை, 2010இல்தான் முழுமையாகத் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே சக மதிப்பாய்வைக் கடந்துள்ளமை ஒரு கட்டுரையின் உண்மைக்கு உறுதி அன்று. அது முதற்கட்டச் சோதனை மட்டுமே.

இவற்றையும் பார்க்க

- ஆய்விதழ்
- அறிவியல் அறிவு வழி
- ஈர்ப்பு அலை