மவுஸுக்கு வந்த மவுசு

போன ஏப்ரலில், என் பென்ஷன் வந்த அன்று சாயங்காலம், பேரன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பென்ஷன் தேதி அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"தாத்தா, ஒரு மவுஸ் வாங்கணும்."

"அதான் ஒண்ணு வச்சிருக்கியேடா?"

"அது சரியில்ல தாத்தா. அதாலதான் போன மேட்ச்ல தோத்தோம்."

விலை என்ன என்று கேட்டேன். பன்னிரண்டாயிரம் என்றான். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அது என்னுடைய மூன்று வருஷச் சம்பளத்துக்கு மேல்! உள்ளே இருந்து என் மகன் குரல் கொடுத்தான்: "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். அவனுக்கு ஒண்ணும் வாங்கித் தராதீங்கப்பா." பையன் முகம் சுருங்கிப் போய்விட்டது. அவன் கை மணிக்கட்டைத் தடவிக்கொண்டே இருந்ததையும் நான் கவனித்தேன். கேட்டால், ஒன்றுமில்லை என்றான்.

ஃபைல் பார்க்காமல் குறிப்பு எழுதிப் பழக்கமில்லாதவன் நான். ஒரு வாரம் டைம் கொடுடா என்று சொல்லிவிட்டு, இந்த மவுஸ் எங்கிருந்து வந்தது என்று படிக்க ஆரம்பித்தேன். ஒரு வாரம் மூன்று வாரமானது. படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் என்னை ஆச்சரியப்படுத்திய செய்தி: மவுஸ் என்பதே ஒரு போட்டியில் ஜெயித்து வந்த பொருள்தான். அமெரிக்காவில் டக்ளஸ் எங்கல்பர்ட் என்று ஒருவர். இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம் கடற்படையில் ரேடார் வேலைக்காகப் பிலிப்பைன்ஸ் தீவில் இருந்தவர். மனிதனுடைய யோசிக்கும் திறனை இயந்திரத்தின் துணையால் எப்படிக் கூட்டுவது என்பதுதான் வாழ்நாள் முழுக்க அவருக்கிருந்த கவலை. கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தபோது, திரையில் இருக்கும் ஒரு எழுத்தைத் தொட்டுக் காட்ட எது நல்ல கருவி என்ற கேள்வி எழுந்தது. அவர் மனதில் இருந்த யோசனையை வைத்து 1964-இல் பில் இங்கிலீஷ் என்ற பொறியாளர் ஒரு மரக்கட்டையைக் குடைந்து, அடியில் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு சக்கரங்களைப் பொருத்தி, மேலே ஒரே ஒரு பொத்தானை வைத்துச் செய்து கொடுத்தார். பின்னால் வயர் வால் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. அதுதான் முதல் மவுஸ்.

ஆனால் அதை உடனே யாரும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. நாசா கொடுத்த பணத்தில் ஒரு பரீட்சை வைத்தார்கள். ஒளிப்பேனா, ஜாய்ஸ்டிக், மேஜைக்கு அடியில் முழங்காலால் தள்ளுகிற ஒரு கருவி (ஆமாம், முழங்கால்தான்!), அப்புறம் இந்த மரக்கட்டை. திரையில் ஒரு குறி தெரியும். விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக் கருவியைப் பிடித்து அந்தக் குறியைத் தொட எத்தனை வினாடி, எத்தனை தப்பு என்று கணக்கு எடுத்தார்கள். 1967-இல் முடிவை வெளியிட்டார்கள். புதிதாக வந்தவர்களுக்கு ஒளிப்பேனாவும் முழங்கால் கருவியும் சுலபமாக இருந்தன. பழகியவர்கள் கையில் மவுஸ் எல்லாவற்றையும் முந்தியது. தப்பும் குறைவு. குறி தெரிந்ததும் யார் முதலில் தொடுகிறார்கள் என்று பார்ப்பதுதானே என் பேரன் ராத்திரி முழுக்க உட்கார்ந்து செய்கிற வேலையும்? அறுபது வருஷத்துக்கு முன்னால் அதை நாசா செலவில் செய்திருக்கிறார்கள்.

1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் சுமார் ஆயிரம் பேர் முன்னால் எங்கல்பர்ட் தொண்ணூறு நிமிஷம் தன் இயந்திரத்தை இயக்கிக் காட்டினார். ஜெர்மனியில் டெலிஃபுங்கன் கம்பெனி அதே வருஷம், அதற்குச் சில வாரங்கள் முன்பே, உருளும் பந்து வைத்த ஒரு கருவியை விலைப்பட்டியலில் போட்டிருந்தது. இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் அறியாமல் செய்தது. எங்கல்பர்ட்டுக்குக் காப்புரிமை 1970-இல் கிடைத்தது. ஆனால் உரிமை நிலையத்தின் பேரில். அவருக்கு ராயல்டி என்று ஒரு டாலர்கூட வரவில்லை. உலகம் முழுக்க மவுஸ் பரவத் தொடங்கிய 1987-இல் காப்புரிமைக் காலமும் முடிந்துபோனது. இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. குமாஸ்தா எழுதிய குறிப்பில் அதிகாரி கையெழுத்துப் போட்டுப் பெயர் வாங்கும் கதையை நாற்பது வருஷம் பார்த்தவன் நான்.

பில் இங்கிலீஷ் பிறகு ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போய், சக்கரத்துக்குப் பதில் பந்து வைத்த மவுஸைச் செய்தார். அங்கே 1978-இல் மறுபடியும் ஒரு பரீட்சை. இந்த முறை கணக்கு இன்னும் நுணுக்கம். ஃபிட்ஸ் என்ற மனோதத்துவ அறிஞர் 1954-இல் ஒரு விதி சொல்லியிருந்தார்: குறி எவ்வளவு தூரம், எவ்வளவு சிறிது என்று தெரிந்தால், கை அதைத் தொட எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கணிக்கலாம். ஜெராக்ஸ்காரர்கள் அளந்து பார்த்தபோது, மவுஸின் வேகம் வெறுங்கையின் வேகத்துக்கு மிக அருகில் இருந்தது. அதாவது தாமதம் கையினுடையது, கருவியினுடையது அல்ல. இந்த இடத்தைப் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். பேரனுக்குச் சொல்ல வேண்டிய பதில் இதற்குள்ளேதான் இருக்கிறது என்று தோன்றியது.

நடுவில் ஒரு சின்னக் கிளைக்கதை. பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் இதை விட மனமில்லை. எங்கள் பள்ளியில் 'சூரி' என்றால் சுண்டெலி, பெண்பால். பிரெஞ்சுக்காரர்கள் கம்ப்யூட்டர் மவுஸுக்கும் அதே பெயரையே வைத்துவிட்டார்கள். ஐரோப்பாவில் அதை நல்ல பொருளாக வளர்த்ததும் பிரெஞ்சு பேசும் சுவிட்சர்லாந்துதான். லோசான் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ழான்-தானியேல் நிக்கு, அவரோடு அந்த்ரே கிஞார். கடிகாரத் தொழிலுக்குப் பேர்போன ழூ பள்ளத்தாக்கில், தெப்ராஸ் என்ற பட்டறையில் அரைக்கோள வடிவில் மவுஸ் செய்தார்கள். கைக்கடிகாரம் செய்த கைகள் மவுஸைச் செய்தால் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதே வட்டாரத்தில் 'ஆப்பிள்ஸ்' என்று எழுதப்படும் ஒரு கிராமத்தில், 1981-இல் லாஜிடெக் கம்பெனி ஆரம்பமானது. ஆப்பிள் கம்பெனிக்கும் அந்த ஊருக்கும் சம்பந்தம் கிடையாது. வெறும் பெயர்ப் பொருத்தம்!

பந்து மவுஸ் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் அலுவலகத்துக்குத் தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் வந்தபோது, மாதத்துக்கு ஒருமுறை அடி மூடியைத் திருகிக் கழற்றி, ரப்பர் பந்தைத் துடைத்து, உள்ளே உருளையில் ஒட்டிய அழுக்கை நகத்தால் சுரண்டுவோம். சுரண்டாவிட்டால் அம்புக்குறி மாடு மாதிரி நின்றுவிடும். எங்கள் சூப்பரின்டென்டன்ட் மவுஸைத் தூக்கித் திரைமேல் வைத்துத் தேய்த்துப் பார்த்ததும் உண்டு. அது வேறு கதை.

விளையாட்டுக்காரர்கள் இந்தப் பக்கம் வந்தது 1996-இல், க்வேக் என்ற ஆட்டத்தோடு. அதுவரை பலர் விசைப்பலகையை மட்டும் வைத்துத்தான் சுட்டுக்கொண்டிருந்தார்கள். க்வேக்கில் மேலும் கீழும் பார்க்க வேண்டியிருந்தது. தலையைத் திருப்பும் வேலையை வலது கை மவுஸுக்கும், நடக்கும் வேலையை இடது கை விசைகளுக்கும் பிரித்துக் கொடுத்தவர்கள் ஜெயித்தார்கள். 1997-இல் நடந்த பெரிய போட்டியில், 'த்ரெஷ்' என்ற பெயரில் ஆடிய டென்னிஸ் ஃபாங் என்ற இளைஞர், ஆட்டத்தை உருவாக்கிய ஜான் கார்மாக்கின் சொந்த ஃபெராரி காரையே பரிசாக ஓட்டிப் போனார். அவர் வைத்த டபிள்யூ, ஏ, எஸ், டி விசைகள்தான் இன்றைக்கும் வழக்கம். பிரான்சில் இருக்கும் என் சித்தப்பா பேத்தியின் மகன் இசட், க்யூ, எஸ், டி என்கிறான். பிரெஞ்சு விசைப்பலகையில் எழுத்துகள் இடம் மாறியிருப்பதால் விரல் அதே இடம், எழுத்துதான் வேறு.

1999-இல் இரண்டு காரியம் நடந்தது. ரேசர் என்ற கம்பெனி ஒரு பாம்பின் பெயரை வைத்து, விளையாட்டுக்கென்றே ஒரு மவுஸை விற்றது. எலியைப் பிடிப்பது பாம்புதானே! இன்னொன்று பெரியது. மைக்ரோசாஃப்ட் பந்தை எடுத்துவிட்டு, அடியில் ஒரு குட்டிக் கேமராவை வைத்தது. வினாடிக்கு 1500 படம் எடுத்து, ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் மேஜை எவ்வளவு நகர்ந்தது என்று ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கும். அழுக்கு, சுரண்டல் எல்லாம் அத்தோடு போயிற்று. நம் மத்திய அரசும் 2022 டிசம்பரில், அமைச்சகங்களுக்கு வேலை பிரிக்கும் விதிகளைத் திருத்தி, இந்த ஆட்டங்களை விளையாட்டுத் துறையின் கீழ் கொண்டுவந்தது. மறு வருஷம் ஹாங்சோ ஆசியப் போட்டியில் இதற்குப் பதக்கமும் கொடுத்தார்கள். இதை மகனிடம் காட்டினேன். பேப்பரைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தான்.

இப்போது பேரன் விஷயம். அவனுடைய பழைய மவுஸை மேஜையில் வைத்து, "உன் கணக்கு என்னடா?" என்றேன். டி.பி.ஐ. 3200, ஆட்டத்துக்குள் வேகம் 2 என்றான். டி.பி.ஐ. என்பது மவுஸ் ஒரு அங்குலம் நகர்ந்தால் கம்ப்யூட்டருக்கு எத்தனை எண் அனுப்புகிறது என்பது. அவன் ஆடும் கவுன்டர் ஸ்டிரைக்கில், வேகம் 1 என்று வைத்தால் ஒரு எண்ணுக்குப் பார்வை 0.022 டிகிரி திரும்பும். பேப்பர் எடுத்து வகுத்தேன். அவன் வைத்திருந்தபடி முழு வட்டம் திரும்ப மவுஸ் ஆறரை சென்டிமீட்டர் நகர்ந்தால் போதும்! ஒரு மில்லிமீட்டர் கை நழுவினால் குறி ஐந்தரை டிகிரி விலகிப்போகும். அதே வேகத்தில் 400 என்று வைத்தால் முழு வட்டத்துக்கு 52 சென்டிமீட்டர் வேண்டும். மில்லிமீட்டருக்கு ஒரு டிகிரிகூட வராது. பந்தயத்தில் ஆடும் பெரிய ஆட்டக்காரர்களில் பலர் 400 அல்லது 800-இல்தான் நிற்கிறார்கள். கடைப் பெட்டியின் மேல் போட்டிருக்கும் இருபதாயிரம், முப்பதாயிரம் எல்லாம் விற்பதற்காகப் போட்ட எண்.

"அப்ப கை நிறைய நகத்தணும் தாத்தா."

"நகத்து. முழங்கையிலேர்ந்து நகத்து. இவ்வளவு நாள் மணிக்கட்ட மட்டும் வச்சு வெடுக்கு வெடுக்குன்னு ஆட்டினியே, அது ஏன் வலிக்காது?"

வலி என்று நான் சொன்னதும் தலையைக் குனிந்துகொண்டான். இரண்டு மாதமாக இருக்கிறது. அப்பாவிடம் சொன்னால் ஆட்டத்தையே நிறுத்திவிடுவார் என்று பயம்.

அடுத்தது விண்டோஸ். 2001-இல் வந்த எக்ஸ்.பி. காலத்திலிருந்து மவுஸ் அமைப்பில், சுட்டியின் துல்லியத்தைக் கூட்டுவதாகச் சொல்லி ஒரு கட்டம், தானாகவே டிக் போட்டு இருக்கும். பெயர்தான் துல்லியம். கையை வேகமாக இழுத்தால் அம்புக்குறி அதிகத் தூரம் போகும், மெதுவாக இழுத்தால் குறைவாகப் போகும். எங்கள் பள்ளியில் 'திக்தே' என்று ஒரு வகுப்பு உண்டு. வாத்தியார் சொல்வதை அப்படியே எழுத வேண்டும். கூட ஒரு வார்த்தை சேர்த்தாலும் மார்க் போகும், விட்டாலும் போகும். பந்தயத்துக்கு ஆடுகிற கைக்கு மவுஸ் திக்தே எழுதுகிற பையனாக இருக்க வேண்டும்; சொந்தச் சரக்கைச் சேர்க்கக் கூடாது. டிக்கை எடுத்தோம். சுட்டி வேகத்தை பதினொரு கோட்டில் நடுக்கோட்டில் நிறுத்தினோம். மவுஸ் கம்ப்யூட்டருக்குச் செய்தி அனுப்புவதைப் பழைய 125 தடவையிலிருந்து வினாடிக்கு 1000 என்று மாற்றினோம்.

கடைசியாகக் கை. என் பழைய ஸ்கேலை எடுத்து மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்தேன். 17 சென்டிமீட்டர். மவுஸின் நீளம் இதில் ஏறக்குறைய அறுபது சதம் இருந்தால் பிடிக்கத் தோதாக இருக்கும் என்பது ஆட்டக்காரர்களின் உத்தேசக் கணக்கு. அவன் கேட்ட பன்னிரண்டாயிரம் ரூபாய் மவுஸ் பன்னிரண்டரை சென்டிமீட்டர். உள்ளங்கை முழுவதையும் மேலே படியவைத்துப் பிடிக்கும் பெரிய கைக்கு அது சரி. இவன் விரல்களை மடக்கி, கோழிக் கால் மாதிரி பிடிக்கிறவன். சின்னதும் எடை குறைந்ததும்தான் அவனுக்குப் பொருத்தம். ஒரு காலத்தில் நூறு கிராமுக்கு மேல் இருந்த மவுஸ்கள் இப்போது அறுபது கிராமுக்கு வந்துவிட்டன.

முதல் வாரம் என்னைத் திட்டித் தீர்த்தான். 3200-இல் பழகிய கைக்கு 400 என்பது சேற்றில் நடக்கிற மாதிரி இருந்ததாம். நான் வாய் திறக்கவில்லை. மூன்றாவது வாரம் மகனிடம் நானே போய் மணிக்கட்டு விஷயத்தைச் சொன்னேன். கத்தினான். அப்புறம் டாக்டரிடம் கூட்டிப் போனான். தினமும் இவ்வளவு நேரம்தான் என்று ஒரு ஒப்பந்தம் ஆனது. அதற்குப் பிறகு பென்ஷனிலிருந்து மூவாயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு சின்ன மவுஸும், மேஜையில் பாதியை அடைக்கிற ஒரு துணி விரிப்பும் வாங்கிக் கொடுத்தேன். ஜூலைப் போட்டியில் இரண்டாவது சுற்றில் தோற்றார்கள். இந்தத் தடவை மவுஸைக் குறை சொல்லவில்லை.

பழைய மவுஸ் என் மேஜைக்கு வந்துவிட்டது. எனக்குக் கை கொஞ்சம் நடுங்கும். வங்கிப் பக்கத்தில் ஒன்றைத் தொடப்போய் இன்னொன்றைத் தொட்டுவிடுவேன். பேரன் உட்கார்ந்து அதையும் குறைந்த எண்ணில் வைத்துக் கொடுத்தான். அந்த டிக்கை மட்டும் எடுக்கவில்லை.

"ஏன்டா, திக்தே?"

"உங்களுக்கு வேணாம் தாத்தா. கை மெதுவா நடுங்குறப்போ அம்புக்குறி அவ்வளவா நகராது. உங்களுக்கு அது கொஞ்சம் சேத்தே எழுதட்டும்."